தண்டம் கட்டிய 55 பவுண்டும் தரைக்கடியில் இருந்த ரோமானிய லண்டனும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு எழுந்து போகலாம்: லண்டன் தெருக்களுக்கு அடியில் கிடக்கும் ரோமானியர் காலத்து மிச்சங்களைப் பார்ப்பதற்கு இங்கே மொரீசியஸில் உட்கார்ந்துகொண்டு யாரிடமும் பேக்கேஜ் வாங்காதீர்கள். இடங்கள் அருமை, பேக்கேஜ் தண்டம். நம் சங்கத்தில் நாலைந்து பேர் அடுத்த விடுமுறைக்குப் போகப்போகிறோம், எப்படி இருந்தது டீச்சர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது, அதனால் எழுதிப் போட்டுவிடுகிறேன்.

தங்கை குடும்பம் தெற்கு லண்டனில், க்ராய்டனில் இருக்கிறது. போன பள்ளி விடுமுறையில், இங்கே குளிர்காலம், அங்கே கோடை, அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். விமான டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்சியில், பெயர் வேண்டாம், கவுண்டரில் இருந்த பெண் ஒரு வழவழப்பான தாளை நீட்டினாள். அரை நாள் நடை, தரைக்கடியில் ரோமானிய நகரம், ஆளுக்கு 55 பவுண்டு. நம் பணத்தில் 3,300 ரூபாய்க்குப் பக்கம் வரும். படத்தில் கல் சுவர், புகை, பச்சை விளக்கு என்று ஒரே ஜாலம். பழைய கல்லைக் கண்டால் நின்றுவிடுகிற ஆள் நான். அம்மாவுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் வலி, நடை என்ற சொல்லிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு டவர் ஹில் ஸ்டேஷன் வாசலில் கூட்டம் சேர்ந்தது, பதினெட்டு பேர். தங்கை மகன் அக்‌ஷய் (பதினான்கு வயது, லண்டன்காரன்) பாட்டிக்குக் கை கொடுக்க வந்திருந்தான். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இதெல்லாம் ஃப்ரீதானே, எங்கள் ஸ்கூலில் ரெண்டு தடவை கூட்டிப்போனாங்களே" என்றான். என் முகம் போன போக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். பாவம்.

முதல் நிறுத்தம் அங்கேயே, ஸ்டேஷனை ஒட்டி நிற்கும் நகர மதில். முன்னால் டிராஜன் பேரரசருக்கு ஒரு வெண்கலச் சிலை. வழிகாட்டி இளைஞர் சிலையைக் காட்டி, இவர்தான் இந்தச் சுவரைக் கட்டியவர் என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். டிராஜன் இறந்தது கி.பி. 117இல். மதில் எழுந்தது கி.பி. 200ஐ ஒட்டி. செத்து எண்பது வருஷம் கழித்து வந்து கட்டினாரா? பக்கத்தில் இருக்கும் பலகையை ஒரு நிமிஷம் படித்தாலே தெரிந்துவிடும், ஆனால் அந்த ஒரு நிமிஷம் எங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நீங்கள் போனால் நின்று பாருங்கள். கீழ்ப்பகுதிதான் ரோமானியர் வேலை, சுமார் நாலரை மீட்டர் உயரம் வரை. சதுரம் சதுரமாக வெட்டிய சாம்பல் கல் வரிசை, நடுநடுவே தட்டையான சிவப்பு ஓடுகள் பட்டையாக ஓடும். அதற்கு மேலே இருப்பதெல்லாம் பிற்காலத்து ஆட்கள் ஏற்றியது, கல்லே வேறு மாதிரி, ஒழுங்கில்லாமல் இருக்கும். லண்டனில் கட்டடக் கல் கிடையாது, கென்ட் பக்கத்திலிருந்து ஆற்று வழியாகப் படகில் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்படி ஒரு படகு, கல் பாரத்தோடு மூழ்கினபடியே, 1962இல் தேம்ஸ் கரையில் கிடைத்தது. இதெல்லாம் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது.

அடுத்து லெடன்ஹால் மார்க்கெட். அந்த மார்க்கெட்டுக்கு அடியிலும் சுற்றிலும் ரோமானிய நகரத்தின் பொதுச் சதுக்கமும் பசிலிக்கா என்கிற பெரிய மன்றமும் இருந்தன. ஊர் நிர்வாகம், வழக்கு, வியாபாரம் எல்லாம் நடந்த இடம், நம் ஊரில் முனிசிபாலிட்டியையும் கோர்ட்டையும் சந்தையையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு தூணின் அடிப்பாகம் இன்றைக்கும் அங்கே ஒரு முடிதிருத்தும் கடையின் நிலவறையில் இருக்கிறது. எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பும் ஆசையும் வந்துவிட்டன. ஆனால் வழிகாட்டி முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லையாம், பதினெட்டு பேரோடு கடைக்குள் எப்படி நுழைவது? வெளியே நின்று தரையைக் காட்டினார். அங்கிருந்து நாலடி தள்ளி க்ரேஸ்சர்ச் தெருவில், ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், அதே பசிலிக்காவின் அஸ்திவாரச் சுவர்கள் பெரிய பெரிய துண்டாகக் கிடைத்திருப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். புதிதாக வரப்போகும் அடுக்குமாடிக்குக் கீழே மக்கள் பார்க்கும்படி வைக்கப்போகிறார்களாம். இதை அக்‌ஷய்தான் சொன்னான். வழிகாட்டி சொல்லவில்லை.

இதற்குள் அம்மா இரண்டு முறை உட்கார இடம் தேடிவிட்டாள். கூட்டம் நிற்கவில்லை.

உச்சகட்டம் மித்ரேயம், அதாவது மித்ரர் என்கிற ரோமானியர் காலத்துத் தெய்வத்தின் கோயில். தாளில் பெரிய படமாகப் போட்டிருந்தது அதைத்தான், அந்தப் புகையும் வெளிச்சமும். வால்புரூக் தெருவில் புளூம்பெர்க் என்கிற நிதித் தகவல் நிறுவனக் கட்டடத்தின் வாசல் வரை அழைத்துப்போய் நிறுத்திவிட்டு, உள்ளே போக முன்பதிவு வேண்டும், இன்றைக்கு இல்லை, வெளியிலிருந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். தரைக்கடியில் ஏழு மீட்டர் ஆழத்தில் இருக்கிற கோயிலை வெளியிலிருந்து எப்படி ஐயா படம் எடுப்பது? கண்ணாடிக் கதவில் எங்கள் பதினெட்டு பேர் முகம்தான் தெரிந்தது. அந்த முன்பதிவுக்குக் காசும் கிடையாது என்பது அக்‌ஷய் போனைத் தட்டியபோது தெரிந்தது. ரெண்டே நிமிஷத்தில் மறுநாளைக்கு நான்கு இடம் எடுத்துவிட்டான்.

அதோடு நாங்கள் கழன்றுகொண்டோம். பேக்கேஜைப் பற்றிய விமர்சனம் இங்கே முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்: ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் மழைக்குக் குடை கொடுத்ததற்காக.

இனிமேல் சொல்வது நாங்களாகப் போய்ப் பார்த்தது.

மறுநாள் தங்கையும் வந்தாள். மித்ரேயத்தில் நுழைந்ததும் தரைத்தளத்திலேயே ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிக்குள் பொருட்கள், கிட்டத்தட்ட 600. செருப்பு, மோதிரம், சாவி, பானை, ஊசி, கிளாடியேட்டர் தலைக்கவசம் மாதிரியே செதுக்கிய விரல்நுனி அளவு ஆம்பர் (கல்லாகிப்போன மரப்பிசின்) தாயத்து. கையில் ஒரு டேப்லெட் கொடுப்பார்கள், எந்தப் பொருள் என்ன என்று அதில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். புளூம்பெர்க் கட்டடத்துக்காகத் தோண்டியபோது மொத்தம் 14,000க்கு மேல் பொருட்கள் கிடைத்தனவாம். காரணம் சேறு. அங்கே வால்புரூக் என்று ஒரு சிற்றாறு ஓடியது, இப்போது தெருவின் பெயராக மட்டும் இருக்கிறது. அதன் கரையில் நீரூறிய சேற்றில் காற்றுப் புகாததால் மரமும் தோலும் மக்காமல் இருந்துவிட்டன. இரண்டாயிரம் வருஷத்துச் செருப்பின் தையல் எண்ணிப் பார்க்கும்படி இருக்கிறது, நம்புங்கள். அம்மா அதன் முன்னால் நின்றுகொண்டு, "இது குழந்தை கால்" என்றாள்.

நான் அசையாமல் நின்றது மரப்பலகைகளுக்கு முன்னால். அந்தக் காலத்து நோட்டுப் புத்தகம் அது: மெல்லிய மரப்பலகையின் நடுவைக் குடைந்து, தேன்மெழுகை ஊற்றி, அதன் மேல் இரும்பு எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். வேலை முடிந்ததும் மெழுகைத் தடவிவிட்டு மறுபடி எழுதலாம், சிலேட்டு மாதிரி. மெழுகு எப்போதோ போய்விட்டது. ஆனால் அழுத்தி எழுதியவர்களின் கீறல் மெழுகைத் தாண்டி மரத்தில் பதிந்துவிட்டது, அதை வெவ்வேறு பக்கத்திலிருந்து விளக்கடித்துப் படம் பிடித்து, ரோஜர் டாம்லின் என்கிற அறிஞர் ஒவ்வொரு கோடாக வாசித்திருக்கிறார். அங்கே கிடைத்தவை 405 பலகைகள். ஓலைச்சுவடி படிப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். இதில் கூடுதல் கஷ்டம், ஒரே பலகையில் நாலு பேர் எழுதியது ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும்.

அதில் ஒன்று கடன் பத்திரம். தேதி கி.பி. 57 ஜனவரி 8. வெனுஸ்டுஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற டிபுல்லுஸ் எழுதிக்கொடுக்கிறான்: விற்று ஒப்படைக்கப்பட்ட சரக்கின் விலையில், ஸ்புரியுஸிடம் இருந்து விடுதலை பெற்ற கிராட்டுஸுக்கு நான் 105 டெனாரி (ரோமானிய வெள்ளிக் காசு) தர வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். நம் ஊர்க் கடைகளில் பிராமிசரி நோட்டு எழுதுகிற அதே பாணி, "எழுதிக்கொடுத்தது என்னவென்றால்" மட்டும்தான் இல்லை. 105 டெனாரி சின்னத் தொகை இல்லை, அப்போது ஒரு ரோமானியப் படைவீரனுக்கு ஆண்டுச் சம்பளமே 225. இன்றைக்கு உலகத்துப் பணமெல்லாம் புரளுகிற அந்தச் சிட்டி வட்டாரத்தில் கிடைத்த மிகப் பழைய பணப் பத்திரம், முன்னாள் அடிமைகள் இருவர் தமக்குள் எழுதிக்கொண்டது.

அம்மாவுக்கு இதைக் கிரியோலும் தமிழும் கலந்து சொன்னேன். அம்மா தமிழ் கற்றது கோயில் மாலை வகுப்பில், வீட்டில் பேசுவது கிரியோல், கோபம் வந்தால் மட்டும் சுத்தத் தமிழ். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "திருப்பிக் கொடுத்தானா?"

நான் விழித்தேன். அக்‌ஷய் யோசிக்கவே இல்லை. "பலகை குப்பையில்தானே கிடந்தது பாட்டி? அப்போ கொடுத்திருப்பான். கொடுக்கலேன்னா அவன் பத்திரமா வெச்சிருப்பான்ல?" உண்மையில் அந்தப் பலகைகள் பெரும்பாலும், ஆற்றங்கரையை மேடாக்க அள்ளிக் கொட்டிய குப்பைமண்ணில் கிடைத்தவைதான். பையன் வக்கீலுக்குப் படிக்கலாம்.

இன்னொரு பலகையில் யாரோ ஒருவர் நண்பருக்குப் புத்தி சொல்கிறார்: நீ கடன் கொடுத்ததாகச் சந்தை முழுக்க அவர்கள் பெருமையடித்துக்கொண்டு திரிகிறார்கள், உன் நன்மைக்காகச் சொல்கிறேன், பார்த்து நடந்துகொள். போர்ட் லூயிஸ் மார்க்கெட்டில் இன்றைக்குக் காலையில் கேட்டது மாதிரியே இல்லை? வேறொன்றில் வெறும் அகரவரிசை, ஏ, பி, சி, டி என்று எழுதிப் பழகியிருக்கிறது. எந்த வாத்தியார் எந்தப் பையனைத் திட்டி எழுதவைத்தாரோ. முப்பது வருஷமாக அ, ஆ எழுதவைத்துக்கொண்டிருக்கிற எனக்கு அதைப் பற்றிப் படித்ததும் கண் கலங்கிவிட்டது, தங்கை பார்த்துச் சிரித்தாள். கி.பி. 62 அக்டோபர் 21 தேதியிட்ட ஒன்று வெருலாமியத்திலிருந்து (இன்றைய செயின்ட் ஆல்பன்ஸ்) லண்டனுக்கு இருபது சுமை சரக்கு அனுப்பும் ஒப்பந்தம். அதற்கு ஓரிரண்டு வருஷம் முன்னால்தான் ரோமானியருக்கு எதிராகக் கிளம்பிய பூடிக்கா அரசி படையோடு வந்து லண்டனையே கொளுத்திச் சாம்பலாக்கியிருந்தாள். பழைய லண்டன் இருந்த சிட்டி வட்டாரத்தில் ஆழமாகத் தோண்டினால் பல இடங்களில் செந்நிறமாக வெந்த மண் அடுக்கு ஒன்று வருமே, அது அந்தத் தீதான். ஊர் எரிந்து சூடு ஆறுவதற்குள் வண்டி கட்டிவிட்டார்கள் வியாபாரிகள்.

சரி, கோயிலுக்கு வருவோம். லிஃப்ட் உண்டு, அம்மாவுக்கு அதுதான் பெரிய நிம்மதி. ஏழு மீட்டர் இறங்கினால் இருட்டறை, கொஞ்சம் கொஞ்சமாகப் புகை, மங்கல் வெளிச்சம், லத்தீனில் ஓதுகிற குரல்கள். தூண்கள் இருந்த இடத்தில் வெளிச்சத்தையே தூணாக எழுப்பிக் காட்டுகிறார்கள். கி.பி. 240 வாக்கில் கட்டிய மித்ரர் கோயில். காளையைக் கொல்லும் இளம் தெய்வம், ஆண்கள் மட்டும் சேரும் ரகசியக் கூட்டம், ஏழு படிநிலைத் தீட்சை. நீளவாக்கில் நடைபாதை, இரண்டு பக்கமும் சாய்ந்து உட்கார்ந்து விருந்து சாப்பிடத் திண்ணை, கடைசியில் அரைவட்டக் கருவறை, மூலையில் ஒரு கிணறு. அம்மாவுக்குத் திண்ணையைப் பார்த்ததும் இடம் புரிந்துவிட்டது. "பெண்களை விடலையா? அப்ப சமையல் யார் செஞ்சது?" என்றாள், கிசுகிசுப்பாகத்தான், ஆனால் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

இந்தக் கோயிலின் கதை கோயிலைவிடச் சுவாரசியம். போரில் குண்டு விழுந்து பாழான இடத்தில் புதுக் கட்டடம் கட்டுவதற்கு முன்னால் கிரைம்ஸ் என்கிற தொல்லியலாளர் தோண்டிக்கொண்டிருந்தார். 1954 செப்டம்பர் 18, வேலையை முடித்துக்கொள்ள வேண்டிய நாள், அன்றைக்குப் பளிங்கில் மித்ரர் தலை வெளியே வந்தது. செய்தி பரவி, மைல் கணக்கில் வரிசை நின்று சுமார் நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். சர்ச்சிலின் அமைச்சரவை வரை விவாதம் போயிற்று. கட்டடமும் வேண்டும், கோயிலும் வேண்டும் என்று கடைசியில் கல்லைக் கல்லாகப் பெயர்த்து, சுமார் நூறு மீட்டர் தள்ளி 1962இல் சாலை மட்டத்துக்கு மேலே ஒரு மேடையில் திரும்பக் கட்டினார்கள். ரகசிய நிலவறைக் கோயில் வெட்டவெளியில், மழையில், பஸ் போகிற சத்தத்தில். பிறகு புளூம்பெர்க் அந்த மனையை வாங்கி, மறுபடி பிரித்து, அது இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, இருந்த ஆழத்திலேயே 2017 நவம்பரில் திறந்தது. நம் பக்கத்தில் இப்படிப் பெயர்த்து வைத்த தெய்வத்துக்கு எத்தனை கும்பாபிஷேகம் செய்திருப்போம்! (திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும். முன்பதிவு வலைத்தளத்திலேயே செய்துகொள்ளலாம்.)

அங்கிருந்து நகரசபைக் கட்டடமான கில்ட்ஹால் பத்து நிமிஷ நடை, அம்மா நடையில் இருபத்தைந்து. முற்றத்தில் கல் பாவிய தரையில் கருங்கல்லால் பெரிய வளைவு ஒன்று பதித்திருக்கிறார்கள், கவனிக்காவிட்டால் மிதித்துக்கொண்டே போய்விடுவீர்கள். அதுதான் கீழே இருக்கும் ஆம்பிதியேட்டரின், அதாவது ரோமானியர் கேளிக்கை அரங்கத்தின் எல்லை. அந்த வளைவுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, தங்கை டப்பாவில் கொண்டுவந்த கத்தோ பீமாவைத் தின்றோம். ஆறேழாயிரம் பேர் உட்கார்ந்து கத்திய இடத்துக்கு மேலே பருப்பு வடை. முந்தின நாள் வழிகாட்டி இந்த வளைவைத் தாண்டித்தான் வேகமாகப் போனார்.

ஓவியக் கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டத் தோண்டியபோது 1988இல் கண்டுபிடித்ததாம். நூறு வருஷத்துக்கும் மேலாக எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்த அரங்கம் நகரசபைக் காலடியிலேயே கிடந்திருக்கிறது. கி.பி. 70 வாக்கில் மரத்தில் கட்டி, இரண்டாம் நூற்றாண்டில் கல்லுக்கு மாற்றினார்கள். உள்ளே ஓவியங்களைத் தாண்டிக் கீழே இறங்கினால், கிழக்கு வாசலின் சுவர்கள், அதற்கு இரு பக்கமும் சிறு அறைகள், மிருகங்களையோ மனிதர்களையோ காத்திருக்கவைத்தவை. இருட்டில் பச்சைக் கோட்டால் வரைந்த கிளாடியேட்டர்கள் நிற்பார்கள். அக்‌ஷய் அதைப் பழைய வீடியோ கேம் என்று சொல்லிக்கொண்டே பத்துப் படம் எடுத்தான். எனக்குப் பிடித்தது வேறு: காலடியில் கண்ணாடி வழியே தெரியும் மரச் சாக்கடை. பலகை பலகையாக இழைத்துப் பொருத்தி, மண் படிந்து அடைத்துக்கொள்ளாதபடி நடுவில் ஒரு தொட்டி வைத்து. மழைத்தண்ணீரும், அரங்கத்து மணலில் சிந்தியது எல்லாமும் அதில்தானே போயிருக்கும். அந்தத் தச்சன் வேலை சுத்தம்.

திரும்பும் வழியில் அக்‌ஷய் ஒரு இடம் காட்டுகிறேன் என்று லண்டன் வால் சாலையின் அடியில் இருக்கும் கார் நிறுத்தத்துக்குள் கூட்டிக்கொண்டு போனான். பெட்ரோல் நாற்றம், டியூப் லைட், வரிசையாகக் கார்கள், நடுவில் ஒரு துண்டு ரோமானிய மதில், அது பாட்டுக்கு நிற்கிறது. டிக்கெட் கிடையாது, புகை கிடையாது. மூன்று இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

அந்தக் கார் நிறுத்தத்தில்தான் அம்மா போர்ட் லூயிஸில் இருக்கும் ஆப்ரவாசி காட் என்கிற இடத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள். 1849இல் கட்டிய கூலி டிப்போ, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் இறங்கிப் பதிந்துகொண்டு போன இடம், அம்மாவின் தாத்தா உட்பட. வளாகத்தின் ஒரு பகுதியைச் சாலை தின்றுவிட்டது, மிச்சத்தில் 16 படிகளும் மூன்று கல் கட்டடமும் நிற்கின்றன. 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. "நாம் அங்கே கடைசியா எப்போ போனோம்?" என்றாள். நான் மாணவர்களோடு வருஷா வருஷம் போகிறேன். அம்மாவை அழைத்துப்போய்ப் பதினைந்து வருஷம் இருக்கும், பக்கத்தில் இருக்கும் விளக்க மையம் 2014இல் திறந்ததையே அம்மா பார்த்ததில்லை. ஊர் திரும்பிய வாரமே போனோம். அதுவும் இலவசம்தான். அம்மா படிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தாத்தா கையில் காகிதம் இருந்திருக்கும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்றாள். டிபுல்லுஸுக்காவது எழுதத் தெரிந்தது.

இனி கணக்கு. அம்மாவுக்கும் எனக்குமாக ஏஜென்சிக்குக் கட்டியது 110 பவுண்டு. மித்ரேயம், கில்ட்ஹால், டவர் ஹில் மதில், கார் நிறுத்தம், எல்லாம் சேர்த்து நாங்களாகப் பார்த்ததற்கு ஆன செலவு ரயில் கட்டணம் மட்டும். ஊருக்கு வந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன், படத்தில் போட்டிருந்த இடத்தைக் காட்டவே இல்லை என்று ஆதாரத்தோடு. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: வருந்துகிறோம், அடுத்த பயணத்தில் எங்களுடைய "ரோமானியப் பாரிஸ்" நடைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடிக் கூப்பன் இணைத்திருக்கிறோம்.

கூப்பன் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் சனிக்கிழமை வகுப்புக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.